வீக்கு யாருக்கு?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கிளினிக்கில், வயதானவர்களுக்குத்தான் முதல் டோக்கன் என்கிற முறையைக் கம்பவுண்டருக்கு இரண்டு தடவை விளக்கிவிட்டேன். "உக்காருங்க சார், கூப்புடுவோம்ல" என்றார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்தில் யாரோ பிரித்த பி காம்ப்ளக்ஸ் மாத்திரையின் நெடி மூக்கில் ஏறியது.

எங்கள் ஊரான குன்னத்தில் அப்பா குடித்த டானிக்கிலும் இதே நெடிதான். டாக்டர் அவரை 'வீக்' என்று சொன்ன நாளிலிருந்து அந்த ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டில் ஒரு பதவியாகிவிட்டது. முட்டை, ஆட்டுக்கால் சூப்பு, பகல் தூக்கம் எல்லாம் அந்தப் பதவிக்குரிய சலுகைகள். ஒருநாள் பருத்தி எடுத்துவிட்டு வந்த அம்மா, மடியைக்கூட அவிழ்க்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் வீக்காத்தான் இருக்குதுங்க. ஒரு மூடி டானிக்கு குடிக்கட்டுமா?"

"ஒனக்கா? ஒனக்குச் சோம்பலுடி. எந்திரிச்சு ஒலையப் போடு."

அம்மா எழுந்து போனாள். அதன்பிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. படுக்கையில் விழுந்தபோதும் 'அசதி' என்றுதான் சொன்னாள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு என் மனைவியும் பின்னால் வந்தாள்.

"இவருக்கு ரொம்ப வீக்குங்க டாக்டர்."

டாக்டரம்மா என் நாடியைப் பிடித்தபடியே, எட்டி அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"வீக்கு ஒங்களுக்குத்தாம்மா."

"எனக்கா? வூட்டுல போட்டது போட்டபடி கெடக்குதுங்க" என்று சிரித்தாள்.

"மொதல்ல உக்காருடி" என்று அதட்டினேன். அந்த அறையில் நோயாளிக்கென்று இருந்த ஒரே ஸ்டூலில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.