யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

என் மகள் பிறக்கும்போதே வலது கைச் சுண்டுவிரல் ஓரத்தில் குட்டியாக இன்னொரு விரல் இருந்தது. அவள் பிறந்த வருடம்தான் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து விசைப்படகு வாங்கினார்கள்; எங்கள் பேச்சில் 'போட்டு'. போதாதா? அதிர்ஷ்ட விரல் என்று பேராகிவிட்டது. வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகையில், அவள் அந்தக் கையால் வலையைத் தொட்டுக் கொடுத்தால்தான் படகு கிளம்பும். நானும் பவுடர் பூசி, பூ வைத்துப் பெருமையாகக் கூட்டிப்போவேன். என்னைச் சொல்லணும்!

அந்த விரல் சீப்பில் மாட்டும், பள்ளிக்கூடப் பை வாரில் மாட்டும், ரத்தம் வரும். எங்களிடம் காட்டாமல் கழுவிக்கொள்வாளாம். பதின்மூன்று வயதில் ஒருநாள், "இத எடுத்துரலாம்மா" என்றாள். "வாயக் கழுவுடி" என்று கத்தினேன். அவள் விடுகிற ஆளா? மூன்று மாதம் நச்சரித்து எங்கள் இரண்டு பேரையும் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மாவிடம் நான் அதிர்ஷ்டக் கதையை ஆரம்பித்தேன். அவர் என்னை நிறுத்திவிட்டு, "நீ சொல்லும்மா" என்று மகளிடம் திரும்பினார். அவ்வளவுதான், பிள்ளை பிடித்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போடுவீங்களா, எத்தனை நாள் எழுத முடியாது, தழும்பு இருக்குமா? தழும்பு இருக்கும், கொஞ்ச நாள் வலிக்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "சரி, எடுத்துருங்க" என்றாள். அதிர்ஷ்டக் கதையை நான் அதோடு விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் தாளை நீட்டியதும் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு மீன் படலன்னா ஊரே நம்மளத்தான் பேசும்."

"அப்பா, போட்டு ஒங்களுது. கை என்னுது."

எனக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வலிக்குமே தாயி" என்றார்.

"இப்பவும் வலிக்கத்தானப்பா செய்யுது."

அது அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு நர்ஸிடம் பேனாவை வாங்கி மடமடவென்று கையெழுத்துப் போட்டார்.

கைக்கட்டைப் பிரிப்பதற்குள் விஷயம் காதுக்கு எட்டி, அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வந்து குதித்தார். "போட்டுல எனக்கும் பாதி இருக்குல்ல? யாரக் கேட்டுடா எடுத்தீங்க?"

நான் சண்டைக்கு முந்தானையைச் செருகுவதற்குள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"யாரக் கேக்கணுமோ அவளத்தாண்ணே கேட்டோம்."