அதுவரைக்கும் அவள் யாருடைய பிள்ளை?

சுனாமிக்குப் பிறகு, கல்முனையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் என் மகள் பிறந்தாள். பக்கத்துப் பாயில் இருந்த, நாங்கள் 'காக்கா' என்று அழைத்த முஸ்லிம் அண்ணனுக்கும் அந்த வாரம் மகன் பிறந்தான். காக்கா அவன் காதில், தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட புள்ளைக்கு ஒண்டும் இல்லையா தம்பி?"

"எங்கட சபையில, வளந்து தானா நம்பினாத்தான் ஞானஸ்நானம், காக்கா."

"அப்ப அதுவரைக்கும் அவ ஆர்ட புள்ள?"

பால் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள்.

"அலை அடிக்கக்குள்ள இவள் என்ட வயித்துக்குள்ள. கர்த்தர் என்னை மட்டுமா கரையில போட்டவர்?"

"ஓம், அதுதான் கதை!" என்று காக்கா சிரித்தார்.

அதுவரை நான், 'ஒருநாள் இவளையும் உம் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்ளும்' என்றுதான் ஜெபித்து வந்தேன். அன்று, 'உம் பிள்ளைகளான எங்கள் மூவரையும் காத்துக்கொள்ளும்' என்றேன். அது சரியா என்று போதகரிடம் இன்னும் கேட்கவில்லை.