ஸ்டுடியோக்காரர் படம் மட்டும் இல்லை

போட்டோ எடிட்டிங் என்பது ஊரார் முகத்தையெல்லாம் துடைத்துத் துடைத்து, நம் முகத்தைக் கழுவ மறந்துபோகிற தொழில். பரு எடு, மூடிய கண்ணைத் திற, வழுக்கையில் நாலு முடி வை, செத்துப்போன மாமனாரைக் கல்யாண மேடையில் நிறுத்து என்று வருகிறவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நாம் மவுஸைத் தேய்த்துக்கொண்டே இருப்போம். இந்தப் பாவப்பட்ட பிழைப்பு பிழைக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஸ்டுடியோ. எங்கள் என்றால் என் வீட்டுக்காரர் சவரியும் நானும். அவர் படம் எடுப்பார், எடிட்டிங் செய்வார். நான் படங்களை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பேன். போன வருஷம் ஆடி மாசம் நெஞ்சுவலியில் போய்விட்டார். முகூர்த்தம் இல்லாத மாசமாகப் பார்த்துப் போனார், புண்ணியவான். கையில் ஆர்டர் இருந்திருந்தால் அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார்.

காலி பிரேம்

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், படம் கொடுங்கள் என்றார்கள். தேடினால் படமே இல்லை. ஊர் உலகத்தையெல்லாம் படம் பிடித்த மனுஷன் வீட்டில்! எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பது மீசை சரியாக முளைக்காத ஒரு பையன். அதற்கப்புறம் யார் செல்போனை நீட்டினாலும், கொடுங்க நானே எடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி அட்டை அடித்தோம். அதில் இருந்தவர் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி இருந்தார்.

பக்கத்துக் கடை முபாரக் பாய் பிரேம் போடுகிறவர். சவரிக்கு இருபது வருஷச் சினேகிதம். தேக்கு மரத்தில் தானே இழைத்து ஒரு பிரேம் செய்து வைத்திருந்தார். நான் அந்தப் படத்தை எடுத்துப்போய்க் கொடுத்தேன். வருஷத் திவசத்துக்குள் கடைச் சுவரில் அவர் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை என்றேன். பாய் படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பி என் கையிலேயே கொடுத்தார். பிரேமைக் காலியாகவே தன் கடை ஆணியில் மாட்டினார்.

“இது சவரி இல்ல தங்கச்சி. வேற யாரோ. சவரி கெடைக்கட்டும், அன்னிக்குப் போட்டுத் தரேன்.”

விலையில்லாச் சரக்கு

கடையைத் திறந்தேனா, கம்ப்யூட்டர் திறந்தது, எடிட்டிங் திறக்கவில்லை. அவர் வைத்திருந்த எடிட்டிங் சாப்ட்வேர் மாசா மாசம் சந்தா கட்டினால்தான் ஓடும். பாஸ்வேர்டு கேட்டது. அவர் பெயர், என் பெயர், மாதா பெயர், அவர் வாங்கிய முதல் கேமராவின் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், ம்ஹூம். இருக்கும்போதும் மனசில் இருப்பதை லேசில் சொல்கிற ஆளில்லை. தர்மபுரியில் லேப் வைத்திருக்கும் ஒருத்தர், திருட்டு காப்பி தருகிறேன், போட்டுக்கொள் என்றார். அதோடு வைரஸும் வந்து, சவரி எடுத்த படங்களெல்லாம் போய்விட்டால் யாரைக் கேட்பேன்? வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம்தான் ஜிம்ப் என்று ஒன்று சும்மாவே கிடைக்கிறது, சந்தாவும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை என்று தெரிந்தது. வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். முதல் மாசம் அடுத்தவள் சமையலறையில் உப்பு டப்பா தேடுகிற கதைதான். வேண்டியது எல்லாம் இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் பின்னால் நீலம் போடப் போய், ஒரு வாத்தியாருக்கு மூஞ்சியெல்லாம் நீலமாகி, அவர் பாற்கடலில் படுக்காத குறை. ஆனால் வந்துவிட்டது. சவரி பார்த்தால் பரவாயில்லையே என்பார் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தக்காளி மண்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பேனருக்கு வந்தார். வாய் சும்மா இருக்காமல், இது காசில்லாத சாப்ட்வேர் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் சுருங்கிப்போய்விட்டது.

“காசில்லாததுங்களா? ஏம்மா, விலையில்லா வேட்டி மாதிரி ரெண்டு தொவைக்கு வெளுத்துப் போயிடாதுங்களா?”

கண்ணை மூடாதீங்க

வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டுக்காரர் செத்து ரொம்ப நாளாகவில்லை. இருவரும் சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்ததில்லையாம். வீட்டுக்காரர் ஏதோ ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த படத்தை அந்த அம்மா கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாவை நிற்க வைத்து எடுத்தேன். பந்தியிலிருந்து வீட்டுக்காரரைப் பிரித்து, சட்டை கசங்கலை நீவி, பக்கத்தில் நிறுத்தினேன்.

தொழில்காரர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எடிட்டிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எப்படி, அப்படி. ஒவ்வொரு லேயருக்கும் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அந்தக் கண்ணை அமுக்கினால் அந்தத் தாளில் இருப்பது மறையும். மறுபடி அமுக்கினால் வரும். ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறேனா என்று பார்க்க நான் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த அம்மா நிற்பதே மறந்துவிட்டது. வீட்டுக்காரர் போகிறார், வருகிறார், போகிறார், வருகிறார். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு நிற்கிறார். நான் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கும் அழுகை வந்தது, என் கதையும் அதுதானே.

“அந்தக் கண்ணை மூடாதீங்கம்மா. தொறந்தே வுட்டுடுங்க. மனுசன் ஒரு எடத்துல நிக்கட்டும்.”

வெயில் கருப்பு

கடத்தூர்க்காரர் ஒருவர், மகளைப் பாலக்கோட்டில் கட்டிக் கொடுத்தவர், அஞ்சலிப் போஸ்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். அவனுடைய கூட்டாளிகள் பாசத்தில் செல்போனிலேயே ஏதோ இலவச ஆப்பில் போஸ்டர் செய்திருக்கிறார்கள். அந்த ஆப்புக்குத் துக்கம், கல்யாணம் எல்லாம் ஒன்றுதான் போல. பையன் முகத்தை மாவு பூசின மாதிரி வெளுப்பாக்கி, உதட்டில் ரோஸ் தடவி வைத்திருந்தது. மூணாவது நாளே போஸ்டரைக் கிழித்து எடுத்துவிட்டாராம் இவர்.

உண்மையான படம் இருக்கிறதா என்று கேட்டேன். மருமகன் போனில் ஒன்று இருந்தது, இருட்டில் எடுத்தது. வெளிச்சத்தை ஏற்ற வேண்டும், நிறம் ஏறக் கூடாது. அது கொஞ்சம் கஷ்டமான வேலை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சமா, போதுமா என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன். என் பழக்கதோஷம், ஒரு இடத்தில் கன்னத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். அவர் என் கையைத் தொடாமல் மேசையைத் தொட்டு நிறுத்தினார்.

“வேணாங்க. வெயில்ல நின்னு சம்பாரிச்ச கருப்புங்க அது. அதையும் தொடச்சுட்டா எம் பையங்கிட்ட வேற என்னங்க இருக்குது?”

கை மட்டும்

வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாய் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் காலி பிரேம் கண்ணில் படும். அவர் எடுத்த கல்யாணங்களில் எங்காவது ஓர் ஓரத்தில் அவர் இருக்க மாட்டாரா என்று பழைய ஆல்பங்களைப் புரட்டினேன். மணப்பெண்ணை நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணாடி என்றால் எடுக்கிறவரும் தெரிவார் இல்லையா? தெரியவே இல்லை. ஒரு கண்ணாடியில் திரைச்சீலை தெரிகிறது. இன்னொன்றில் வெறும் சுவர். இன்னொன்றில் ஒரு பூச்சாடி. மனுஷன் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியிலிருந்தும் தன்னைத் துடைத்திருக்கிறார். கேட்டிருந்தால், பொண்ணு அலங்காரம் பண்ணி நிக்கிற எடத்துல திருஷ்டிப் பூசணி மாதிரி நான் எதுக்கு என்றிருப்பார். நல்ல தொழில்காரர். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சமயத்தில் சரண்யா என்கிற பெண், குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எடுக்க வந்தாள். அவள் கல்யாணத்துக்கும் சவரிதான் எடுத்தார். உன் சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததில் எங்காவது இவர் இருக்கிறாரா, தேடிப் பாரேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பாவம், வீட்டுக்குப் போய் எல்லார் போனையும் வாங்கித் தேடியிருக்கிறாள். சாயங்காலம் போன் செய்தாள்.

“அண்ணன் கை நெறைய எடத்துல இருக்குதுக்கா. சேலை மடிப்பைச் சரிபண்ற கை, லைட்டைப் புடிச்ச கை. ஆளுதான் எதுலயும் இல்லீங்கக்கா.”

தாடை

அதே சரண்யா, மறு வாரம், தன் கல்யாணக் கண்ணாடிப் படத்தைப் பெரிசாகப் போட்டுத் தரச் சொன்னாள். தேடினதில் சவரியின் பழைய பைல் கிடைத்தது. சந்தா சாப்ட்வேரில் செய்தது. நம் விலையில்லாச் சரக்கில் திறக்குமா என்று மாதாவை வேண்டிக்கொண்டு திறந்தேன். திறந்தது, லேயர் லேயராக. எல்லாவற்றுக்கும் மேலே ‘திரை’ என்று பெயர் வைத்து ஒரு லேயர். கண்ணாடிக்குள் தெரிந்த திரைச்சீலை அதுதான். அது எதற்கு என்று பார்க்கத்தான் அதன் கண்ணை அமுக்கினேன். திரைச்சீலை மறைந்தது. கண்ணாடிக்குள் சவரி நின்றுகொண்டிருந்தார்.

பெண்கள் விறைத்துக்கொள்ளாமல் இருக்கக் கேமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி, பார்க்காமலே அமுக்குவார். அப்படி எடுத்த படம். கேமரா நெஞ்சில் இருக்கிறது, முகம் முழுசாகத் தெரிகிறது. தாடையைத் தூக்கும்மா என்று சொல்லும்போதெல்லாம் தன் தாடையைத்தான் முதலில் தூக்குவார். அதே மாதிரி தாடையைத் தூக்கி, வாய் பாதி திறந்து, புருவத்தை ஏற்றிக்கொண்டு நிற்கிறார். தலை வகிடு மட்டும் இடம் மாறியிருந்தது, கண்ணாடி அல்லவா. படத்தை இடவலமாகத் திருப்பினேன். அவ்வளவுதான், அவரேதான். கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அந்தக் கண்ணை நான் மறுபடி மூடவில்லை.

பெரிசாக்கினதில் கொஞ்சம் பொரிபொரியென்று வந்தது. அதையும் அப்படியே விட்டேன், எதையும் துடைக்கவில்லை. பாய் படத்தை வாங்கினார். ஆணியிலிருந்து பிரேமைக் கழற்றித் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். வருஷத் திவசத்துக்கு முந்தின நாள், பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூலுக்கு எதிர்ச்சுவரில் தானே ஏறி மாட்டினார்.

அன்றிலிருந்து ஒரு தொல்லை. ஸ்டூலில் உட்காருகிறவர்கள் யாராக இருந்தாலும் நான் கேமராவை எடுப்பதற்குள் தாடையைத் தூக்கிவிடுகிறார்கள். விண்ணப்பப் படத்துக்கு அது ஆகாது, நேராக இருக்க வேண்டும். நேற்று ஒரு சர்க்கரை ஆலைத் தொழிலாளி, நான் சொல்லச் சொல்ல மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டே இருந்தார். ஏங்க, இறக்குங்க என்றேன். எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

“நான் எங்கம்மா தூக்கறேன்? அதா, அந்த அண்ணன்தான் தூக்குன்னு சொல்லிட்டே இருக்கறாரு.”

எல்லாப் படத்திலிருந்தும் தன்னைத் துடைத்துக்கொண்டு போன மனுஷனைச் சல்லிக் காசு வாங்காத சாப்ட்வேர் ஒரு கண்ணைத் திறந்து திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனால் சுவரில் வந்து உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தாடையைத் தூக்கச் சொல்கிறவர் என்னிடம் மட்டும் பாஸ்வேர்டை இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்.