உப்புக் கேசரியும் என் இடப்பக்கமும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டு பால் வாங்கப் போனேன். கீழ்க்கட்டளையில் எங்கள் தெருமுனைப் பால் பூத்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா சார், பாதி மூஞ்சிக்குத்தான் பிளேடு கீதா?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கன்னத்தைத் தடவிப் பார்த்தால் வலப்பக்கம் வழுவழுப்பு, இடப்பக்கம் முள். கீழே குனிந்தால் இடது காலில் செருப்பே இல்லை. பால் கவர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினார்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உறுப்புகள் செயல் குறைவது) என்றார்கள். அடைப்பு மூளையின் வலப்பக்கம், அதனால் பாதிப்பு உடம்பின் இடப்பக்கம். இதில் ஆச்சரியமில்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இடப்புறப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை இடப்பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காத நிலை). எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று அவரிடம் வாதாடினேன். இந்த நோயின் குறும்பே அதுதான். இல்லாமல் போனது என்னவென்று நோயாளிக்குத் தெரியாது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது வந்திருந்தால், "எனக்குச் சரியாகிவிட்டது" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

நான் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகன் பிரபு பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடுப்பு எடுத்து ஒரு மாதம் கூடவே இருந்து, பிசியோதெரபிக்கு அழைத்துப் போய், என்னைக் கைத்தடியோடு நடக்கும் அளவுக்குக் கொண்டுவந்தான். பிறகு, எனக்கு ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டுப் ஒரு வாரத்தில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

எனக்குப் போக மனமில்லை. மகனும் மருமகளும் தங்கமானவர்கள். ஆனால் அங்கே நான் விருந்தாளி, இங்கே வீட்டுக்காரன். இதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவன் போன இரண்டாம் நாள் தனலட்சுமி வந்தார். எங்கள் தெரு அம்மன் கோயிலின் மகளிர் குழுவை நடத்துபவர். அவருடைய மாமனார் காலத்தில் நெல் விளைந்த நிலத்தில்தான் எங்கள் தெருவே இருக்கிறது. தனியாக இருக்கும் பதினொரு முதியவர்களுக்கு அந்தக் குழு தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது, மாத்திரை வாங்கித் தருகிறது, குளியலறையில் கைப்பிடி பொருத்துகிறது. நான் கோயில் வாசலை மிதிக்காதவன் என்பது ஊரறிந்த விஷயம்.

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்லம்மா" என்றேன்.

"சாமிக்கு உம்மேல கீது சார். சாப்புடு. ஆனா ஒண்ணு, நான் வெறும் தூக்கை எடுத்துகினு போவ மாட்டேன்."

அது அவர்களுடைய வழக்கம். ஒரு வீட்டுக்குப் பண்டம் வந்த பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. பதினொரு பேரும் தூக்கைத் தாங்களே கழுவி, ஒரு பிடி அரிசியோ பருப்போ இரண்டு கரண்டி சர்க்கரையோ போட்டு அனுப்ப வேண்டும். அதெல்லாம் சேர்ந்து வெள்ளிக்கிழமைப் பிரசாதம் ஆகும். இடது கையால் தூக்கைப் பிடித்து வலது கையால் கழுவ முதல் நாள் எனக்கு அரைமணி நேரம் ஆனது. எந்தப் பயிற்சிக்கும் வணங்காத அந்தக் கை, இந்த ரோஷத்துக்கு வணங்கியது. கழுவி முடித்துச் சமையலறை அலமாரியிலிருந்து இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன். ஐந்து நாளும் தவறாமல் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பிரபு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். தனலட்சுமியிடம் நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று கோயில் வாசல்வரை நடந்தோம். பூசை முடிந்து, தொன்னையில் ரவா கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி வாயில் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். பிரபு என் காதருகே, "அப்பா, கடல் தண்ணி மாதிரி இருக்கு" என்றான்.

அம்மனுக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக் கூடாதல்லவா, அதனால் யாருக்குமே தெரியவில்லை.

"யாரும் துப்பாதீங்க. அம்மனே துன்னுட்சி" என்று தனலட்சுமி அதட்டினார். ஐம்பது பேர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார்கள். பிறகு அவர் சர்க்கரை போட்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினார். முதல் வீடு எங்களுடையது.

அலமாரியில் என் புட்டியைக் காட்டினேன். அவர் ஒரு துளி நாக்கில் வைத்தார்.

"இது உப்பு சார். சக்கரை பக்கத்துல கீதே."

"பக்கத்துல ஒண்ணுமில்லையேம்மா."

அவர் என் முகவாயைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினார். அங்கே அதே அளவில், அதே மூடியோடு இன்னொரு புட்டி இருந்தது. என் மனைவி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எனக்கு நீரிழிவு, ஐந்து வருடமாகச் சர்க்கரையைத் தொட்டதில்லை. முப்பது வருடம் ஆய்வகப் புட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிய மனிதன் நான். வெட்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுக்குத்தாம்ப்பா சொல்றேன். நாளைக்கு கேஸ் ஸ்டவ் லெஃப்ட் சைடுல எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றான் பிரபு. அவன் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

தனலட்சுமி தன் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து சிவப்புக் கோயில் கயிற்றை எடுத்து என் இடது மணிக்கட்டில் கட்டினார்.

"ஆம்பளைக்கு வலது கைலதானம்மா கட்டுவாங்க?" என்றேன்.

"உனுக்குத்தான் நம்பிக்கையே இல்லியே, எந்தக் கையா இருந்தா இன்னா? எதைத் தொட்றதுக்கும் முன்னாடி இந்தச் செவப்பு கண்ணுல படணும். படலன்னா திரும்பு." பிறகு பிரபுவைப் பார்த்தார். "தம்பி, ஒரு மாசம் வுடு. ஸ்டவ்வுலருந்து சிலிண்டரைக் கழட்டிடறேன். அப்பால டாக்டரு தனியா இருக்க வேணாம்னா நானே ரயிலு ஏத்தி வுடறேன்."

அவன் போனை எடுத்து ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான்.

அந்த மாதம் முழுவதும் கயிற்றைத் தேடினேன். சட்டை போடும்போது தேடினேன், சாப்பிடும்போது தேடினேன், தெருவில் இறங்கும்முன் தேடினேன். உப்புப் புட்டியில் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டினேன். பதினொரு பேரில் ஒருவரான கோவிலம்பாக்கத்து டெய்லர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், இன்னிக்கு இன்னா சக்கரை?" என்று கேட்பார். அதைக் கேட்பதற்காகவே அவரைப் பார்க்கப் போவேன். இவ்வளவு சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

மாத முடிவில் பிரபுவும் டாக்டர் அறைக்கு வந்தான். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். அவர் கோப்பிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அட்மிட் ஆன வாரத்தில் நான் வரைந்தது. அதில் ஆறு மணியோடு நாள் முடிந்திருந்தது. வட்டத்தின் இடது பாதி வெறும் வெள்ளை. புதிய தாளில் ஒன்பது மட்டும் கொஞ்சம் கோணல், மற்றபடி பன்னிரண்டு எண்களும் இருந்தன.

"தனியா இருக்கலாம். ஸ்டவ் வேணாம், ரோட்டைத் தனியா கிராஸ் பண்ண வேணாம்" என்றார் டாக்டர். கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது யார் ஐடியா? நாங்களும் இதையேதான் சொல்லுவோம்" என்றார்.

பிரபு இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது நான் எதையும் ஒரு முறை பார்த்து முடிப்பதில்லை. உலகத்தின் பாதி எனக்குத் தானாக வருகிறது, மறுபாதியை நான் திரும்பிப் போய் அழைத்துவர வேண்டும். குளிக்க முக்கால் மணி, உடுத்த அரைமணி. முன்பு இதை நேர விரயம் என்றிருப்பேன். இப்போது அவசரமே இல்லை, காலையே நீண்டு கிடக்கிறது. அதன் ஒவ்வொரு நிமிடமும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று மதியம் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிரபு போன் செய்தான்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடா. என் வீட்ல இருக்கேன்."