அலூர்த் சந்தேகப்படாத ஒன்று

ஜாக்மெல் சந்தை வாசலில் அலூர்த்தின் வறுவல் கடைக்கு எதிரே, ஐஸைச் சீவி சர்பத் ஊற்றி விற்கிறவன் நான். என்னை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. யாரைத்தான் நம்பினாள்? இது எப்போது வெட்டிய பன்றி என்று கறிக்காரனிடம் கேட்பாள். அப்புறம் அவன் பெண்டாட்டியைத் தனியாகப் பிடித்து அதையே கேட்பாள். மாதா கோயிலில் பக்கத்தில் வந்து உட்காருகிறவளின் கைப்பையைக்கூட ஓரக்கண்ணால் அளப்பாள். ஹெய்தி முழுக்கத் தேடினாலும் அவளைப்போல ஒரு சந்தேகக்காரி கிடைக்கமாட்டாள்.

நர்ஸ் படிப்பு படிக்கிற பெண்கள் சிலர் ஒருமுறை பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வந்தார்கள். சாப்பாட்டில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அலூர்த் கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"குச்சியில என்னத்தத் தடவிட்டு வந்திருக்கீங்க? அந்த ஐஸ்காரன்தானே அனுப்பினான்?"

"எனக்கு வேற வேலையில்லையாக்கா? ஐஸ் உருகாம பாத்துக்கவே நேரம் பத்தல," என்றேன்.

"உன் ஐஸ் எந்தச் சாக்கடைத் தண்ணின்னு எனக்குத் தெரியும்டா, வில்னேர்!"

சந்தையில் யாருக்கு வயிறு கலங்கினாலும் பழி என் தலையில்தான் விழும். அலூர்த் கடையில் தின்றால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று பேர். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்? இதில் ஏதோ இருக்கிறது என்று அவளை நோட்டம் விட ஆரம்பித்தேன்.

எங்கள் சந்தையில் ஓட்லேன் என்று ஒரு மாத்திரைக்காரன் உண்டு. மருந்து அட்டைகளைக் கோபுரமாகச் சுற்றிக் கட்டிய வாளியைச் சுமந்துகொண்டு, கேட்கிறவனுக்கெல்லாம் கத்தரித்துக் கொடுப்பான். அவனிடம் அலூர்த் காலையில் சிவப்பும் கறுப்புமான கேப்சூல் வாங்குவாள். அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைத் தண்ணீர் வாளியில் தட்டுவாள். தட்டு அலசுவதும் அந்தத் தண்ணீரில்தான், வறுவலுக்குப் பச்சையாகவே தொட்டுக்கொள்ளும் முட்டைக்கோசைக் கழுவுவதும் அதில்தான்.

"தண்ணில என்னக்கா போடற?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆஸ்பத்திரில குடுக்கற மருந்துதான். கண்டவன் கையும் படற தண்ணி. கிருமி இருந்தாச் சாகட்டும். மனுஷனுக்கு நல்லது, கோசுக்கு மட்டும் ஆகாதா?"

எனக்கு இந்த யோசனை வராமல் போயிற்றே என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

அவளுக்கு ஒரே மகள், மிர்லேன். மிர்லேனின் புருஷன் எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போயிருந்தான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் கண்டது, இறங்கவே இல்லை. மருத்துவச்சி கைவரிசை என்றாள் அலூர்த். பிறகு பக்கத்து வீட்டுக்காரி கண்ணு என்றாள். கடைசியில் என் வண்டி முன்னால் வந்து நின்றாள்.

"என் பொண்ணுக்குப் பொடி வெச்சது நீதானடா? வயித்துல பிள்ளையோட உங்கிட்டதானே ஐஸ் வாங்கித் தின்னா!"

சந்தையே திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் ஊரில் மந்திரப் பொடி வைத்து ஆளைச் சாய்க்கிறவன் என்று பேர் வாங்கியவன் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அன்றைக்கு ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ஐஸ் முழுக்கத் தண்ணீராகிப் போயிற்று. டாக்டர் வாயாலேயே உண்மையைக் கேட்டுவிடுவது என்று மறுநாள் மிர்லேனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அலூர்த் மகளின் கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஒரு இளம்பெண். கையில் அதே சிவப்பு கறுப்பு கேப்சூல்.

"இந்த மருந்து கேக்கல. ஊசியாப் போட்டும் கேக்கல. கிருமிக்குப் பழகிப்போயிருக்கு. வேற மருந்து தலைநகரத்துலேர்ந்து வரணும், அது வர்ற வரைக்கும் உயிர் நம்ம கையில இல்ல. இவங்க இதை அடிக்கடி முழுங்குவாங்களா?"

"என் பொண்ணு மாத்திரையே தொட்டதில்ல! பொறந்ததுலேர்ந்து என் கைச்சோறுதான். இவன் ஐஸத் தவிர," என்று அலூர்த் என்னைக் காட்டினாள்.

"முழுங்கணும்னே இல்லம்மா. கோழித் தீனில கலக்கறாங்க, இன்னும் எதெதுலயோ கலக்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா மருந்து படப்பட, அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும். அது சாப்பாட்டோட வயித்துக்குள்ள போய்ச் சத்தமில்லாம உக்காந்துக்கும். இவங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

அலூர்த்தின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. யாரைச் சொல்லலாம் என்று தேடியிருப்பாள்.

"தண்ணில போட்டாலுமா?" என்றாள்.

"எந்தத் தண்ணில?"

அவள் பார்வை கட்டிலோரம் இருந்த தூக்குச்சட்டிக்குப் போயிற்று. அந்த வாளி விஷயம் என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சந்தை நடுவில் என்னை நாறடித்தவள், ஒரு வார்த்தை போதும், கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் போனதும் மிர்லேன் கண் திறந்தாள்.

"பசிக்குதும்மா. எனக்கு எடுத்தாந்தியா?"

ஆஸ்பத்திரியில் சோறு போடமாட்டார்கள், அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அலூர்த் தூக்குச்சட்டியைத் திறந்தாள், வறுவலோடு கோசைக் கண்டதும் திறந்த வேகத்தில் மூடினாள்.

"இல்லடி."

"வாசனை வருதே."

"இல்லைங்கறேன்ல!"

சட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வில்னேர், உன் பொண்டாட்டிய இவளுக்கு எதாச்சும் ஆக்கித் தரச் சொல்லுடா. என் கையால வேணாம்."