தொடர்பு வகுப்பு

எங்கள் அப்பா கடையில் வாங்கும் தேங்காயைக்கூட இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பவர். திருப்பத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்த அக்காவை யாரோ பையன்கள் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம்தான் மதுரையில் ஒரு டுடோரியல் தபாலிலேயே பத்தாம் வகுப்பு நடத்துகிறது என்று தெரியவந்தது. பஸ் இல்லை, பையன்கள் இல்லை, மாவாட்டிக்கொண்டே படிக்கலாம். அப்பாவுக்கே பிடித்துப்போனது.

பாடம் கவரில் வரும். அக்கா விடை எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் திரும்பி வரும். ஒரு தடவை, 'நன்று. இன்னும் எதிர்பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

"மொகந் தெரியாதவன் இவகிட்ட என்னத்த எதிர்பாக்குறான்?" என்றார் அப்பா.

அஞ்சாம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டு, அக்காவுக்கு வரும் கவரையெல்லாம் முதலில் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். கவருக்கு ஒரு தேன்மிட்டாய். நான் தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்தேன். எனக்கும் அவள்மேல் சந்தேகம்தான். கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருத்தி ஏன் அழ வேண்டும்?

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் அந்தக் கவர் வந்தது. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை 'தொடர்பு வகுப்பு', மாணவிகள் தவறாமல் வரவும் என்று போட்டிருந்தது.

"தொடர்பாம்ல! அதுக்கு வகுப்பு வேற நடத்துறானாக்கும்!"

"நேர்ல போயி சந்தேகங் கேக்குறதுக்குப்பா. முழுசாப் படிக்காமப் பேசுறீகளே" என்றாள் அக்கா.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற நான் இருந்தேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நேரில் கேட்க வேண்டியவை' என்று எழுதியிருப்பதைப் போட்டுக்கொடுத்தேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மதுரைப் பயணம் நின்றது. அன்றைக்கு எனக்கு இரண்டு தேன்மிட்டாய்.

அக்கா என்னைத் திட்டவில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினாள். பத்தொன்பது கேள்விகள், எல்லாம் கணக்கும் அறிவியலும்.

"தெனம் ஒண்ணு ஒங்க பெரிய டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வாறியாடி?" என்று கெஞ்சினாள்.

எங்கள் தலைமையாசிரியையான பெரிய டீச்சரைக் கண்டாலே நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நான் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, "இது பரிச்சைக்கு வராதாம், விட்ரச் சொன்னாக" என்பேன். அக்கா அந்தக் கேள்வியை ஒரு கோடு போட்டு அடிப்பாள். அடுத்த நாள் அடுத்த கேள்வி. பத்தொன்பதையும் அப்படியே அடிக்க வைத்தேன். ஒரு நாள்கூட, "நெசமாவே கேட்டியா?" என்று அவள் கேட்டதில்லை.

கணக்கில் அக்கா பாஸாகவில்லை. தபாலில் படித்தால் இந்த லட்சணந்தான் என்று அப்பா சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். புதுப் பாவாடையைப் போட்டுக்கொண்டு பந்தல் முழுக்க ஓடித் திரிந்தேன். பரீட்சைக்கு முந்தின அந்த ஒரு மாதம் அவளுக்குச் சந்தேகம் கேட்பதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.