இன்றைக்குத்தான் ஆரம்பிக்கும் தலை

கடைத்தெருவில் அவரை எல்லோரும் டெமோ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் இல்லாமலா இருக்கும்? சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒன்பது வருடமாக ஒரு கடையின் நடுவில், சுழலும் ஸ்டூலில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அது முடி வளர ஸ்ப்ரே விற்கும் கடை. டெமோவின் வேலை கஷ்டமானதில்லை, ஆனால் எல்லோருக்கும் வந்துவிடாது. வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் ஸ்டூலில் உட்கார வேண்டும். வழுக்கையை விளக்குக்கு நேராகக் காட்ட வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது. மீதியை வெள்ளைக் கோட்டு போட்ட கோட்டம்மா பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் வைத்தியத்துக்கும் அந்தக் கோட்டைத் தவிர வேறு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"முடி மேல அடிக்காதீங்க, தோல் மேல படணும். ஒரு வேளைக்கு ஆறு தடவை. விரல் நுனியால பரப்பிவிட்டுட்டு கையக் கழுவிடுங்க. நாலு மணி நேரம் தலையில தண்ணி படக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அவர் தலையில் புஸ்ஸு புஸ்ஸென்று ஆறு தடவை அடிப்பாள். தலையில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அவள் அடிப்பது பச்சைத் தண்ணீர். டெமோவுக்காக அசல் மருந்தை யாராவது வீணாக்குவார்களா?

வந்தவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"இவரு எத்தனை நாளா போடுறாரு?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறாரு" என்பாள் கோட்டம்மா.

ஒன்பது வருடமாக, நாளைக்குப் பதினைந்து தடவை, அவர் அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். எதிரே இருந்த செருப்புக் கடைக்காரர் மட்டும் கதவை அடைக்கும்போது, "என்ன டெமோ, நாளைக்கும் ஆரம்பம்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவார். டெமோ அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. முதலில் அதே கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர். ஒருநாள் குனிந்து பெட்டியை இறக்கும்போது விளக்கு வெளிச்சம் அவர் உச்சந்தலையில் பட்டு முதலாளியின் கண்ணைக் கூசச் செய்தது. "பெட்டியக் கீழ வை, நீ அப்படியே உக்காரு" என்றார் முதலாளி. அன்றிலிருந்து அந்த வழுக்கைதான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. வெயிலில் இறங்கினால் தொப்பி, அரித்தால் சொறியாமல் ஒரு தட்டு. அவ்வளவு மரியாதை வைத்திருந்தார் தன் தலைமேல்.

வழுக்கையால் அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அதுவும் மனைவியின் குறை. கல்யாணத்தன்று எடுத்த ஒரே படத்தில், கேமராவின் வெளிச்சம் அவர் தலையில் பட்டுத் தெறித்து, புருவத்துக்கு மேலே எல்லாம் வெள்ளையாகிப் போயிருந்தது. பக்கத்தில் மனைவி கண்ணும் மூக்குமாக அழகாக நிற்கிறாள். பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு சரி, மாப்பிள்ளை எங்க? பல்புதானே நிக்குது" என்று சிரித்தார்கள். அவள் படத்தை அலமாரியில் போர்வைக்கு அடியில் போட்டவள்தான், பதினெட்டு வருடமாக வெளியே எடுக்கவில்லை. இன்னொரு படம் எடுக்கவும் இருவருக்கும் மனம் வரவில்லை.

இப்படி இருக்கையில் அந்தக் கட்டடத்தில் குழாய் உடைந்தது. ஐந்து மாதம் சரிசெய்ய ஆள் வரவில்லை. டெமோ பாட்டிலுக்குத் தண்ணீர் வேண்டுமே, என்ன செய்வது? தண்ணீர் கேன் வாங்க முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அவரோ ஒரு கேனுக்கு ஒன்பது கேள்வி கேட்பார். பின்னறையில் பார்த்தால், மூடி உடைந்தது, லேபிள் கிழிந்தது என்று திரும்பி வந்த அசல் மருந்து பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. அதைப் பற்றி ஒரு ஈ, காக்கை கேட்பதில்லை. கோட்டம்மா ரொம்ப யோசிக்கவில்லை. தண்ணீருக்குப் பதிலாக மருந்தை ஊற்றினாள். நாளைக்குப் பதினைந்து தடவை, தடவைக்கு ஆறு புஸ்.

டெமோவுக்கு வாடை மாறியது தெரிந்தது. தலை லேசாக அரிக்கவும் செய்தது. கட்டடத்துத் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

நாலாவது மாதம், ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவரின் தலையை மனைவி துவட்டிவிட்டாள். துண்டு வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் அன்றைக்குச் சிக்கி நின்றது. அவள் துண்டை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவினாள்.

"ஏங்க, கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க."

"என்ன, காயமா?"

"காயம் இல்லைங்க. முடி."

"விளையாடாத."

"நான் எதுக்குங்க இதுல விளையாடப்போறேன்? நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். புதுத் துணியைத் தடவுவது போல் இருந்தது. முடி வந்தால் வேலை போச்சு! மனைவிக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சட்டைப் பையில் வைக்கிற மாதிரி ஒரு கறுப்புச் சீப்பு வாங்கி வந்தாள். கல்யாணமாகி அவருக்கு அவள் வாங்கித் தராத பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான்.

"வளரட்டும். ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். எனக்கு வேற எதுவும் வேணாங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனால் மறுநாள் முதல் கதவைத் தாழிட்டுக்கொண்டு தலையைச் சிரைத்துக்கொண்டு போனார். என்ன செய்வார் பாவம்? அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

திருட்டு வெகுநாள் தாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, காலை முதல் உட்கார்ந்து சாயங்காலமானபோது தலையில் பச்சை படர ஆரம்பித்திருந்தது. அந்த நேரம் பார்த்து வந்த ஒரு வாடிக்கையாளர் விரலால் ஒரு தேய் தேய்த்தார்.

"இது வழுக்கை இல்லையே. சிரைச்ச தலை. முடி இருக்கிறவனை உக்கார வச்சு ஊரை ஏமாத்துறீங்களா?"

கூட்டம் கூடிவிட்டது. ஒன்பது வருடம் தண்ணீர் அடித்தபோது ஏமாற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. மருந்து நிஜமாகவே வேலை செய்த பிறகுதான் ஏமாற்று என்று சத்தம் போட்டார்கள். முதலாளி டெமோவையும் கோட்டம்மாவையும் உள்ளே கூப்பிட்டார்.

"எதைப் போட்டே?"

"நம்ம மருந்துதாங்க."

"கேக்குறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு. எந்தக் கம்பெனி மருந்து?"

கோட்டம்மா குழாய் உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முதலாளி எட்டி டெமோவின் தலையைத் தடவிப் பார்த்தார். "அப்போ நம்மளுது வளருதா?" என்று கேட்டார். முதலாளியின் தலையில் இருந்தது விலை உயர்ந்த டோப்பா. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வை" என்று கோட்டம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

டெமோவுக்குப் பதவி உயர்வு. இனி சிரைக்க வேண்டாம், வளர்க்க வேண்டும். வேளைக்கு ஆறு புஸ், அதுவும் அசல். மூன்று மாதத்தில் அரை விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. மனைவி தினமும் அவரைத் தரையில் உட்கார வைத்துச் சீவிவிட்டாள். கடைக்கு மாதத்தில் கடைசி ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அந்த ஞாயிறே படம் எடுத்திருக்கலாம். அவள்தான், "வகிடு நிக்க மாட்டேங்குதுங்க. அடுத்த மாசம் நின்னுடும், அப்போ போவோம்" என்றாள்.

அந்த அடுத்த மாதத்தில்தான் வினை வந்தது. வருகிறவர்கள் யாரும் டெமோவின் முடியை நம்பவில்லை. "டோப்பாதானே?" என்று கேட்டுவிட்டு முதலாளியின் தலையைப் பார்த்து, "அவருக்கு நல்லா வளந்திருக்கு" என்றார்கள். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் ஒரு போர்டு எழுதி டெமோவின் தலைக்கு மேலே தொங்கவிட்டார்: நம்பவில்லையா? இழுத்துப் பாருங்கள்.

இழுத்தார்கள். சும்மா விடுவார்களா? வாங்குகிறவர் இழுத்தார், வேடிக்கை பார்க்க வந்தவர் இழுத்தார். ஒருவர் தான் இழுத்தும் சந்தேகம் தீராமல் தன் மனைவியைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். இன்னொருவர் கையோடு வந்த முடியை விளக்கில் காட்டிப் பார்த்து, "அசல்தான்" என்று திருப்தியாகி, அதை டெமோவிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வியாபாரம் சக்கைப் போடு போட்டது. டெமோவின் உச்சந்தலையில் மறுபடியும் வெளிச்சம் விழ ஆரம்பித்தது.

"முதலாளி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும் லீவு குடுங்க. வீட்ல ஒரு போட்டோ எடுக்கணும்."

"போங்க, யாரு வேணாங்கிறது? தலைய மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க."

சனிக்கிழமை முன்நெற்றியில் ஒரு கொத்து பாக்கி இருந்தது. அதை மட்டும் சீவினால் படத்துக்குத் தாங்கும் என்று காலையில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். நாள் முழுக்கக் கையால் மூடிமூடிக் காப்பாற்றினார். கடை அடைக்கிற நேரத்தில் வந்த ஒரு தடித்த மனிதர் அவர் கையை விலக்கிவிட்டு, போர்டை ஒருதரம் படித்துவிட்டு, ஒரே இழுப்பாக இழுத்தார். டெமோ வெட்கத்தை விட்டு அழுதார்.

"பாருங்க, சொந்த முடின்னாத்தான் இவ்வளவு வலிக்கும்" என்று சொல்லி அந்த மனிதர் மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி சட்டையைத் தேய்த்துத் தயாராக மாட்டியிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றியதும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போன மாசமே போயிருக்கலாம். வகிடு வகிடுன்னு நான்தான் கெடுத்துட்டேன்" என்றாள். எழுந்துபோய்ச் சீப்பைத் துடைத்து, தேய்த்த சட்டையின் பையில் வைத்தாள். "இது இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை போர்டைக் கழற்றிவிட்டார்கள். காட்டுவதற்கு முடி இல்லையே. மறுபடி வளர்க்க மாதக்கணக்கில் மருந்து செலவாகும் என்று, முதலாளி பழைய மாதிரியே தண்ணீரில் ஆரம்பிக்கச் சொன்னார். குழாயும் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. கோட்டம்மா டெமோ பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். டெமோ அதை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டினார். பின்னறைக்குப் போய் அசலை ஊற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்.

"அண்ணே, முதலாளி பாத்தா?"

"பாக்கட்டும்மா."

ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பு எட்டிப் பார்த்தது. முதல் வாடிக்கையாளர் வந்தார், கோட்டம்மா புஸ்ஸு புஸ்ஸென்று ஆறு தடவை அடித்தாள், மருந்து வாடை கடை முழுக்கப் பரவியது.

"இவரு எத்தனை நாளா போடுறாரு?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறாரு" என்றாள் கோட்டம்மா. சொல்லி முடித்த பிறகுதான் இன்றைக்கு அது பொய் இல்லை என்று அவளுக்கே உறைத்தது, பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"வளர எத்தனை நாளாகும்?" என்று வந்தவர் அவளைத்தான் கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தலை பதில் சொன்னது.

"நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் கை மட்டும் வச்சிடாதீங்க, வீட்ல ஒரு போட்டோ எடுக்கணும்."